மூன்று லிட்டரும் தொள்ளாயிரம் மில்லியும்

1. சேலையூரில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு ஒரு ஹைட்ரஜன் மெஷின் வந்தது. வாங்கியது அல்ல, ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள்.

2. மாமா தினமும் மதியம் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் இந்த மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

3. அது முடிந்து சிறிது நேரத்தில் அவர் முகம் தெளிவதாக அத்தைக்குத் தெரிந்தது.

4. மெஷினைக் கொடுத்தவர் ஒரு எக்ஸ்சேஞ்ச் சொன்னார். வீட்டில் இருக்கும் ஆக்ஸிஜன் மெஷினை அவர் எடுத்துக்கொள்வார், ஹைட்ரஜன் மெஷின் இங்கேயே இருக்கும்.

5. அத்தை சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை காலை வண்டி வருவதாகப் பேச்சு.

6. சனிக்கிழமை சாயங்காலம் மெஷினின் ஸ்பெசிபிகேஷன் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "செக் பண்ணிட்டு ஓகே போடும்மா."

7. நான் ஓகே போடவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய தொழிற்சாலையில். மருத்துவமனைகளில் சளி உறிஞ்சும் கருவிகளுக்கான மோட்டார்கள் எங்களிடம் தயாராகின்றன. வெளியிலிருந்து வரும் பாகங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது என் பொறுப்பு. தாளில் இடது பக்கம் அனுப்பியவர் சொன்ன அளவு இருக்கும், வலது பக்கம் நான் அளந்தது. இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. இல்லையென்றால் பெட்டி சிவப்பு ஒட்டுத்தாளோடு வாசலிலேயே நிற்கும்.

இந்த வேலையில் சேர்ந்த பிறகு, எங்கள் குடும்பத்தில் யார் எது வாங்கினாலும் அதன் தாள் எனக்கு வந்துவிடுகிறது. மிக்ஸி, இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி, சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் வரைக்கும். பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். நான் ஓகே போட்டால் கடைக்காரரிடம், "எங்க வீட்ல இன்ஜினியர் பாத்துட்டாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம் என்று நான் எழுதிய ஒரு வாஷிங் மெஷின் இன்னும் பெரியம்மா வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நினைவுபடுத்துவார்கள்.

இந்த மெஷின் அப்படிப்பட்டது இல்லை. மாமாவுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். குணமாகாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நெஞ்சு டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை மாடிப்படி ஏறி இறங்கியவர், இப்போது குளியலறைக்குப் போய்வந்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யாரோடும் பேசமாட்டார். அறை மூலையில் ஒரு சூட்கேஸ் அளவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, நிமிடத்துக்கு மூன்று லிட்டர் கொடுக்கும். நீளமான குழாய் ஒன்று அதிலிருந்து அவர் மூக்குக்குப் போகும். "குழாய் எட்டுற வரைக்கும்தான் என் ராஜ்யம்" என்பார் மாமா. பால்கனியில் பாதிவரை எட்டும். தெருவில் போகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை நீட்ட வேண்டும்.

அத்தைக்கு அந்தக் குழாயைக் கண்டால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் நடத்தி ஓய்வு பெற்றவர். மாதா கோவிலில் இடது பக்கம் நான்காவது வரிசையில் அவர்கள் இருவரும் உட்காரும் இடம் இருக்கிறது. ஞாயிறு பூசைக்கு அவர் இப்போது தனியாகத்தான் போய்வருகிறார். மெஷினைக் கொண்டுவந்தவர் கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவர், அத்தையிடம் படித்தவர். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஹைட்ரஜன் பிடித்தால் போதும், மீதி நேரம் குழாயே வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அத்தை அந்தப் பேச்சில் கேட்டது இவ்வளவுதான்: மாமா குழாய் இல்லாமல் பூசைக்கு வருவார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாளைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தேன். முதலில் சின்னக் கோளாறுகள். மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட் என்று தாள் சொன்னது. அத்தை அனுப்பிய இன்னொரு படத்தில் மெஷினின் முதுகில் இருந்த தகட்டில் இருநூற்றிருபது என்று இருந்தது. தரச் சான்றுகளின் முத்திரைகள் வரிசையாக இருந்தன, ஒன்றிலும் சான்று எண் இல்லை. எண் இல்லாத முத்திரையை எங்கள் தொழிற்சாலையில் படம் என்றுதான் சொல்வோம்.

பிறகு கொஞ்சம் பெரியது. வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்கு என்று ஒரு வரி. நான்கு வரி கழித்து, ஹைட்ரஜனின் தூய்மை தொண்ணூற்றொன்பதே சொச்சம் சதவீதம். மூன்றில் ஒரு பங்கு வேறு வாயு கலந்திருப்பதற்கு அந்தத் தூய்மை எப்படி வரும்? யாரோ இரண்டு வேறு மாடல்களின் தாள்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, நான் பேனாவைக் கீழே வைத்த வரி. மொத்த வாயு நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் மில்லி. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்றால் முந்நூறு மில்லி. மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது மூன்று லிட்டர். பத்தில் ஒரு பங்கு.

ஹைட்ரஜன் அவர் நுரையீரலை என்ன செய்யும் என்பதற்குத் தாளில் வரி கிடையாது. விளம்பரத்தில் மட்டும் நிறைய இருந்தது. நானும் தேடிப் பார்த்தேன். ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. மாமாவுக்கு இருக்கும் நோய்க்கு, ஆக்ஸிஜனை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று சொல்லும் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் டாக்டரும் இல்லை. ஆனால் ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது, முதல் மெஷின் செய்த வேலையை இரண்டாவது செய்யுமா என்று பார்ப்பது என் வேலைதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை, "அப்படியாம்மா" என்பார். திங்கட்கிழமை வண்டி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன். பையில் வாட் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனா, ஒரு லிட்டர் அளவு ஜாடி. ரயில்பாதையைத் தாண்டி கேம்ப் ரோட்டில் திரும்பியதும் கறிக்கடைகளுக்கு முன்னால் வண்டிகள் தாறுமாறாக நின்றன. அவற்றுக்கு நடுவில் ஊர்ந்துபோய்ச் சேர்வதற்குள், அத்தை பூசை முடிந்து வந்து குழம்புக்கு வெங்காயம் வதக்க ஆரம்பித்திருந்தார்.

"வாம்மா இன்ஸ்பெக்டர். ரெய்டா?" என்றார் மாமா.

ஹைட்ரஜன் மெஷின் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சின்ன மேஜையில் இருந்தது. வெள்ளை நிறம், முன்பக்கம் நீல விளக்கு, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு மூடி. அந்தப் படத்துக்கு முன்னால் முன்பெல்லாம் மெழுகுவர்த்தி எரியும். ஆக்ஸிஜன் வீட்டுக்கு வந்த அன்றே அத்தை மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை. ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்று மெஷினோடு வந்த அட்டையில் படித்தார், செய்தார். அத்தையைப் பிடிவாதக்காரர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நான் வாட் மீட்டரைச் செருகி மெஷினை ஓடவிட்டேன். தாளில் இருந்த அளவுக்கு மின்சாரம் எடுத்தது. அடுத்து வாயுவின் அளவு. வாளியில் தண்ணீர் நிரப்பி, ஜாடியையும் நிரப்பி அதில் கவிழ்த்து, மெஷினின் குழாய் நுனியை ஜாடிக்கு அடியில் விட வேண்டும். வாயு குமிழ்களாக ஏறித் தண்ணீரைக் கீழே தள்ளும். எவ்வளவு நேரத்தில் ஒரு லிட்டர் தள்ளுகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். அதற்கு முன் ஜன்னல்களைத் திறந்தேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

அத்தை கரண்டியோடு எட்டிப் பார்த்தார். குழம்பு கொதி வருகிற நேரம், இப்போதா என்றார். இந்தக் கலவை சின்னப் பொறி பட்டாலே வெடித்துவிடும் என்றேன். அவர் உடனே அணைத்துவிட்டு வந்தார். ஒரு வாரமாக இந்த மெஷின் ஓடும்போது பத்தடி தள்ளி காபி போட்டிருக்கிறேனே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எச்சரிக்கை தாளில் இருந்தது. கடைசியில், எறும்பு அளவு எழுத்தில்.

குமிழ்கள் வரத் தொடங்கின. அளவும் ஏறக்குறைய சரிதான், தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எழுதிக்கொண்டேன். ஜாடியை எடுக்கக் குனிந்தபோது மூக்கில் ஏதோ பட்டது. லேசாகத்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டுப் போன அன்றைக்கு வீட்டில் வருமே, ப்ளீச்சிங் பவுடர் வாசனை, அது.

ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. ஆக்ஸிஜனுக்கும் கிடையாது.

மாமாவைப் பார்த்து, இந்த வாசனை எப்போதும் வருகிறதா என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்பினார். அத்தை குறுக்கிட்டு, புது மெஷின் இல்லையா, பிளாஸ்டிக் வாசனையாக இருக்கும் என்றார்.

மெஷினை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து டிடிஎஸ் பேனாவை விட்டேன். உள்ளே ஊற்றும் தண்ணீரில் டிடிஎஸ் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தாளில் இருக்கும் சரியான வரிகளில் ஒன்று. பேனா பல நூறுகளைக் காட்டியது. கேம்ப் ரோடு பேட்டரி கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் கேன் மேஜைக்கு அடியிலேயே இருந்தது. அதில் விட்டுப் பார்த்தேன். ஒன்று.

கேனில் ஒன்று, தொட்டியில் பல நூறு. நடுவில் எதுவோ சேர்ந்திருக்கிறது. வேறு வீடாக இருந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிட்டார்களா, மெஷினுக்குள் ஏதாவது கரைகிறதா என்றெல்லாம் தேடியிருப்பேன். இந்த வீட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. நான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். பல்புக்குப் பக்கத்தில், மாதா உருவம் போட்ட பிளாஸ்டிக் பாட்டில் பாதி காலியாக இருந்தது. எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது. தியான மையத்துக்குப் போகிறவர்கள் வாங்கிவருவார்கள். மந்திரித்த உப்பைப் போட்டு மந்திரித்த தண்ணீர். காய்ச்சல் வந்தால் ஒரு வாய், பரீட்சைக்குப் போகும்போது நெற்றியில் ஒரு துளி. எங்கள் அம்மா புது ஃபிரிட்ஜுக்குள் தெளித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"அத்தை, இதுலயும் ஊத்துனீங்களா?"

"ஒரு ஸ்பூன்தான்மா. தினம் காலைல. அதுலயும் ஊத்துவேனே, இவ்ளோ நாளா ஒண்ணும் ஆகலையே."

அது என்று அவர் காட்டியது மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மெஷினை. அதன் முன்பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும், ஆக்ஸிஜன் அந்தத் தண்ணீருக்குள் குமிழியிட்டு ஈரமாகி மேலே வரும். பல மாதங்களாகத் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் மந்திரித்த தண்ணீரை அதில் சேர்த்துவந்திருக்கிறார். மாமா விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஆண்டவர் இருக்க வேண்டும் என்று. அதிலும் சேர்க்காமல் இருப்பதுதான் நல்லது என்றாலும், அங்கே அந்தத் தண்ணீருக்கு வேலை ஈரமாக்குவது மட்டும். இந்த மெஷினில் அப்படி இல்லை. இதில் தண்ணீரைத்தான் மின்சாரம் உடைக்கிறது. உடைந்து வருவதைத்தான் மூக்கில் விடுகிறோம். தண்ணீரில் உப்பு இருந்தால் அதுவும் உடைந்து, அதிலிருந்து குளோரின் வரும். ப்ளீச்சிங் பவுடரில் வரும் அதே வாயு. கொஞ்சமாகத்தான் வந்திருக்கும். ஆனால் போகிற இடம் மாமாவின் நுரையீரல்.

இதை நான் பாடம் மாதிரி சொல்லவில்லை. தரையில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி மெதுவாகத்தான் சொன்னேன். அத்தை கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது நாள்லேருந்து."

"ஏங்க சொல்லல?"

மாமா செய்தித்தாளை மடித்தார். அவருக்கு ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு வேண்டும். முதல் மூச்சை எடுத்துக்கொண்டார்.

"நீ கண்ண மூடி, ஜெபம் சொல்லி ஊத்துற. அதுல போய் நாத்தம் அடிக்குதுன்னு எப்படிடீ சொல்றது?"

மாமா இன்னொரு மூச்சு எடுத்துக்கொண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன் என்பதுபோல, அந்த ஒரு மணி நேரமும் தான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். எப்போது முடியும், எப்போது பழைய குழாயைத் திரும்ப மாட்டுவார்கள் என்று.

மேலே மூன்றாவதாக எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதியம் ஒரு மணி நேரம் முடிந்து சிறிது நேரத்தில் அவர் முகம் தெளிவதாக அத்தை சொன்னது பொய் இல்லை. உண்மையாகவே தெளிந்திருக்கிறது. திரும்பவும் ஆக்ஸிஜன் மாட்டியதால். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை அவர்கள் காலை ஜெபம் முடிந்ததும் ஒரே ஒரு முறைதான் பார்ப்பார்கள். மதியத்தில் என்ன எண் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அத்தையும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். மாமாவின் தோளில் ஒரு கையை வைத்தார். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

ஆனாலும் அவர் ஆசிரியர். கொஞ்ச நேரத்தில் அடுத்த கேள்வி வந்தது. தொட்டியைக் கழுவி, சுத்தமான தண்ணீர் மட்டும் ஊற்றினால் இந்த வாசனை போய்விடுமா?

போய்விடலாம் என்றேன். அப்படியென்றால் மெஷின் மேல் தப்பில்லையே என்றார். அவர் குரலில் இருந்த ஆசையை நான் கேட்டேன். உப்பை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தால், அத்தை தொட்டியைத் துலக்கி, பேட்டரி தண்ணீர் ஊற்றி, தன் தப்பைத் திருத்திக்கொண்டுவிட்டதாக நினைத்து, திங்கட்கிழமை ஆக்ஸிஜன் மெஷினை அனுப்பிவைத்திருப்பார்.

ஜாடியை மறுபடி நிரப்பி வாளியில் கவிழ்த்தேன். மாமாவிடம், ஒரு நிமிடம்கூட ஆகாது, உங்கள் குழாயைக் கொஞ்சம் தருகிறீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொள், அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று கழற்றிக் கொடுத்தார். அதன் நுனியை ஜாடிக்கு அடியில் விட்டேன். ஹைட்ரஜன் மெஷினில் குமிழ்கள் ஒவ்வொன்றாக, பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஏறின. இதில் தண்ணீர் கொதிப்பதுபோலப் பொங்கியது. அத்தை ஜாடியின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழுவதும் இறங்கி, வாயு விளிம்பைத் தாண்டி வெளியே குமிழத் தொடங்கியது. குழாயைத் துடைத்து மாமாவிடம் கொடுத்தேன்.

"அதுல மூணுல ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், அத்தை. இதுல வந்தது கிட்டத்தட்ட மொத்தமும்."

அத்தை வாளியைப் பார்த்தார். குனிந்து ஜாடியைத் தானே எடுத்துத் தண்ணீரை வடித்தார். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மாமா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், அத்தைக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, நாளைக்குக் காலையில் வர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டேன். நான் போனபோது இரண்டு மெஷின்களும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஹைட்ரஜன் மெஷினின் தொட்டி காலியாக்கித் துடைக்கப்பட்டிருந்தது. ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் மாமாவின் மூக்கில் இருந்தது. மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, யாரோ பேட்டி எடுக்க வருவதுபோல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மெஷின்காரர் லோடு ஆட்டோவில் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், சாந்தமான முகம். உள்ளே வந்ததும் படத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த ஆட்டோ டிரைவர் வாசல்படியில் நின்று கூடத்தை நோட்டம் விட்டார்.

"இன்னாக்கா, ரெண்டு மெசின் கீது. எத்த தூக்கினு போவணும்?"

மெஷின்காரர், ஓடிக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மெஷினை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். மாமா குழாயைக் கையால் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது. அத்தை அதைப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்கே, அத எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் டிரைவரிடம்.

மெஷின்காரர் முகம் வாடிவிட்டது. வியாபாரம் போன வாட்டமாக மட்டும் அது எனக்குத் தெரியவில்லை. "மிஸ், நம்பிக்கையா சொல்றேன். எங்கம்மாவுக்கு நல்லா கேட்டுச்சு மிஸ்."

"உங்கம்மா ஆக்ஸிஜன்ல இருக்காங்களாப்பா?"

"இல்ல மிஸ். முட்டி வலி."

மாமா இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் அது. அத்தை சிரிக்கவில்லை. மெஷின்காரரை உட்காரவைத்து, காபி கொடுத்து, தானே எல்லாவற்றையும் சொன்னார். மெஷினில் மந்திரித்த தண்ணீர் ஊற்றியது தான்தான், அதில் உப்பு இருந்தது, கம்பெனியில் சொல்லி உள்ளே கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கெட்டிருந்தால் அதற்கு ஆவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மெஷின்காரர் தம்ளரைப் பாதியில் நிறுத்தி, "மந்திரிச்ச தண்ணியா மிஸ்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதைத் திட்டவும் முடியாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நான் தாளில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வரிகளைக் காட்டினேன். அவர் அவற்றைப் படித்ததே இல்லை. கம்பெனி கொடுத்ததை அப்படியே கொடுத்தேன் சிஸ்டர் என்றார். நம்பினேன். தொள்ளாயிரம் மில்லிக்கும் மூன்று லிட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். வேறு யார் வீட்டிலாவது ஆக்ஸிஜன் மெஷினை எக்ஸ்சேஞ்ச் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இதுதான் முதல் என்றார். இனிமேல் அப்படி எடுக்காதீர்கள், ஆக்ஸிஜனில் இருப்பவர்கள் வீடு என்றால் முதலில் அவர்களுடைய டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். போகும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஆட்டோ போன பிறகு அத்தை காலியான மேஜையைத் துடைத்தார். நான் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அவர் துடைத்துக்கொண்டே, "பூசைக்கு வந்துடுவார்னு நெனச்சேன்" என்றார். நான் மேஜையின் இன்னொரு முனையைப் பிடித்து அவரோடு சுவரோரம் நகர்த்திவிட்டுப் போனேன்.

அந்த வாரமே டாக்டரைப் பார்க்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் மாமாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, குளோரினால் புதிதாக எதுவும் ஆனதாகத் தெரியவில்லை, ஆனால் இருமல் கூடினால் உடனே வர வேண்டும் என்றார். ஹைட்ரஜனைப் பற்றி, தன்னால் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார். ஆக்ஸிஜனை ஒரு மணி நேரம்கூடத் தானாக நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். அத்தை தயங்கித் தயங்கி, பூசைக்கு அழைத்துப்போக வழி இருக்கிறதா என்று கேட்டார். தோளில் மாட்டும் சின்ன சிலிண்டர் இருக்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று நடக்கவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அத்தைக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது. நாங்களும் கேட்டதில்லை.

இன்றைய நிலை இது. ஹைட்ரஜன் மெஷின் கம்பெனிக்குத் திரும்பிவிட்டது, அதன் உள்பாகத்தை மாற்ற வேண்டியிருந்ததா என்று இன்னும் தகவல் வரவில்லை. ஆக்ஸிஜன் மெஷின் அதே மூலையில் மூன்று லிட்டரில் ஓடுகிறது, அதன் பாட்டிலில் இப்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். அத்தை மந்திரித்த தண்ணீரை மாமாவின் நெற்றியில் வைக்கிறார். சின்ன சிலிண்டருக்காக ஒரு முறை நடக்கவைத்துப் பார்த்தார்கள், ஆக்ஸிமீட்டரில் எண் சீக்கிரம் இறங்கியதால் அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா இன்னும் பூசைக்குப் போகவில்லை. அவருடைய நுரையீரல் தேறவில்லை, தேறாது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.